சமவெளிக்கு எழுதிய சூழல் புத்தகத்தை மலையில் பயன்படுத்துவது எப்படி

தமிழில் கிடைக்கும் சூழல், இயற்கை வேளாண்மைப் புத்தகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று அவற்றில் இருக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஆடி மாதம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம். அப்போது போட்ட கரட் விதை மறுநாள் வடிகால் கானில் கிடக்கும். மலைக்கு மறுபக்கத்துப் பண்டாரவளையில் அதே ஆடியில் மழையைக் காண முடியாது, கச்சான் காற்று மண்ணை உலர்த்திவிடும். அங்கே பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. மலையின் இரண்டு பக்கத்துக்கும் அந்தப் பழமொழி பொருந்தாது. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் பென்சிலால் நாலு விடயத்தைக் குறித்துக்கொண்டு வாசித்தால் போதும்: எந்த உயரத்துக்கு எழுதியது, எந்த மழைக்கு, எந்த மண்ணுக்கு, எவ்வளவு நிலத்துக்கு.

எதை முதலில் எடுப்பது? கல்வி வெளியீட்டுத் திணைக்களம் சாதாரண தர வகுப்புக்கு அச்சிடும் ‘விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்’ பாடநூல். பள்ளிப் புத்தகம்தானே என்று ஒதுக்க வேண்டாம்; இந்த நாட்டு மண்ணையும் மழையையும் வைத்து எழுதியது, வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் செலவும் இல்லை. அடுத்து விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள். சந்தேகம் இருந்தால் 1920 என்ற அவர்களுடைய இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தேயிலை பற்றியதென்றால் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல்தான் அளவுகோல்.

இவற்றுக்குப் பிறகுதான் பெரிய பெயர்கள். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வாரின் ‘உழவுக்கும் உண்டு வரலாறு’ இரசாயன விவசாயம் எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள நல்லது. அதில் பசளை அளவு தேடாதீர்கள். 1962இல் வந்த ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ டிடிடி போன்ற பூச்சிகொல்லிகள் உணவுச் சங்கிலியில் என்ன செய்தன என்பதைச் சொல்வது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்கிறவர்கள் வாசிக்க வேண்டியது. ஜப்பானிய உழவர் ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ மயக்கம் தருகிற புத்தகம். எதுவும் செய்யாமல் விட்டால் விளையும் என்று அதை எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். வெட்டிப் பழக்கிய தோடை மரங்களைக் கவ்வாத்துச் செய்யாமல் விட்டபோது அவை செத்துப்போனதை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். மட்டம் வைத்து வளர்த்த தேயிலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இனி கணக்கு. புத்தகங்கள் ஏக்கரில் பேசும், நம் கையில் இருப்பது பேர்ச். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஆகவே ஏக்கர் அளவு எதுவானாலும் 160ஆல் வகுத்தால் ஒரு பேர்ச்சுக்கு வரும். ஏக்கருக்கு 1 டன் எரு என்றால் பேர்ச்சுக்கு 6¼ கிலோ. தோட்ட வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி, பாதை, கான் எல்லாம் போக நாலு பேர்ச் பயிருக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சாணத்தை நொதிக்க வைத்து மண்ணுக்கு ஊற்றும் கரைசலான ஜீவாமிர்தத்தை எடுங்கள். 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லீற்றர் கோமயம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பருப்பு மா, ஒரு கைப்பிடி மண். இது ஓர் ஏக்கருக்கு. உங்கள் நாலு பேர்ச்சுக்கு 5 லீற்றர் கரைசலே போதும். அதற்கு 250 கிராம் சாணம், 50 கிராம் வெல்லம், 50 கிராம் பருப்பு மா. முழு அளவில் பீப்பாயை நிரப்பினால் வெல்லக் காசு வீண், மிச்சம் நாறும். 48 மணி நேரத்தில் தயார் என்பது சமவெளி வெயிலுக்குச் சொன்னது. குளிரில் நொதித்து நுரைக்கக் கூடுதல் நாள் எடுக்கும், நாளைப் பார்க்காமல் நுரையைப் பாருங்கள். நாட்டு மாட்டுச் சாணம்தான் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஜெர்சி, ஃபிரீசியன் சாணத்திலும் நொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் மழையில் கழுவுண்ட சரிவு மண்ணுக்கு இந்தக் கரைசல் மட்டும் சாப்பாடாகாது. எரு போட்டே ஆக வேண்டும்.

அந்த எருவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘45 நாளில் கூட்டெரு’ என்று படித்து நுவரெலியாவில் குவித்து வைத்தால், 45ஆம் நாள் குவியலுக்குள் கோவா (முட்டைக்கோஸ்) இலை அப்படியே இருக்கும். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். சமவெளியில் 28 பாகை என்றால் 1,870 மீற்றரில் 16. இங்கே 3 முதல் 4 மாதம் என்று கணக்கு வையுங்கள், குவியலையும் இப்படிக் கட்டுங்கள்.

அடியில் மிலாற்றை (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளை) குறுக்கும் நெடுக்குமாக அரை அடிக்கு அடுக்குங்கள். காற்று கீழிருந்து ஏறும். அதன்மேல் காய்ந்த மானாப்புல்லோ சருகோ 6 அங்குலம், பச்சை இலையும் மரக்கறிக் கழிவும் 3 அங்குலம், சாணக் கரைசல் தெளிப்பு; மறுபடி காய்ந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீற்றருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு நிற்காது. சவுக்கு இலை லேசில் மக்காது; போடுவதானால் கத்தியால் கொத்திப் போடுங்கள். ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம். மேலே படங்கை (தார்ப்பாயை) சரிவாகக் கட்டி, குவியலுக்கும் படங்குக்கும் இடையில் ஓர் அடி விடுங்கள். படங்கை நேரே மேலே போட்டுப் போர்த்தினால் உள்ளே மூச்சு முட்டி அழுகும்.

நாலாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. வெறும் வெதுவெதுப்பு என்றால் பச்சை குறைவு அல்லது குவியல் சிறியது. மூக்கைக் குத்தும் அமோனியா நாற்றம் பச்சை கூடியதைச் சொல்லும், கூழ்முட்டை நாற்றம் தண்ணீர் கூடியதைச் சொல்லும். இரண்டுக்கும் மருந்து காய்ந்த புல்லைக் கலந்து புரட்டுவதுதான். சூடேறாத குவியலில் நோய் சாகாது. வேர் வீங்கிய கோவாவையும் கருகல் பிடித்த உருளைக்கிழங்குக் கொடியையும் அதில் போடவே கூடாது.

சாம்பல் விடயத்திலும் மண்ணைப் பார்த்துத்தான் புத்தகத்தை நம்ப வேண்டும். தேயிலை பி.எச். 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண்ணைக் கேட்கிறது. மரக்கறிக்கு 6க்கு மேல் வேண்டும். அதனால் கோவாப் பாத்திக்குப் புளிப்பைக் குறைக்கும் டொலமைற்றும் (சுண்ணாம்பு வகைத் தூள்) சாம்பலும் உதவும், வேர்வீக்கமும் அடங்கும். அதே சாம்பலை உருளைக்கிழங்குக்கு அள்ளிப் போட்டால் கிழங்கில் சொறி வரும். தேயிலைச் செடியடியில் கொட்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, வறண்ட நாட்டு நிரந்தர வேளாண்மை (பெர்மாகல்ச்சர்) புத்தகங்களில் வரும் நீர் தேக்கும் அகழி. சரிவுக்குக் குறுக்கே வெட்டி மழையை அங்கேயே மண்ணுக்குள் இறக்கு என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட மண்ணுக்கு அது சரி. செங்குத்தான சரிவில், கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும்போது, மண்ணுக்குள் தண்ணீர் ஏற ஏற எடை கூடி மண்ணின் பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்பதை மலையகம் மறக்கவில்லை. இங்கே தேவை தண்ணீரை மெதுவாக நடக்க வைக்கும் கான்: 120 அடிக்கு 1 அடி இறக்கம். மட்டம் பார்க்க இரண்டு கம்பையும் ஒரு குறுக்குச் சட்டத்தையும் ‘A’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குச் சட்டத்தில் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மறுபடி குறித்தால், இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் சமமட்டம். கால்களுக்கு இடையே 6 அடி என்றால், ஒரு காலை 1.5 சென்ரிமீற்றர் குட்டையாக வெட்டினால் அந்த இறக்கம் வந்துவிடும். குட்டைக் கால் மேல் பக்கம் நிற்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட இடத்தில் அவர்களைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். பழைய புத்தகம் எண்டோசல்ஃபான் பூச்சிகொல்லியை அடி என்று எழுதியிருக்கும். இலங்கையில் அது 1998இலேயே தடை. மறுபக்கம், நாளையே எல்லா இரசாயனத்தையும் நிறுத்து என்கிற புத்தகம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடே ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்து நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. நாலு பாத்தி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு போகம் பாருங்கள், விளைந்த கிலோவை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள்.

புத்தகத்தை வெளிச்சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி, உயரத்தில், நெருக்காமல் நிறுத்துங்கள். பொலித்தீன் உறைக்குள் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், அது தாளுக்குள் பரவும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, பிறகு வெளியே கொண்டுபோய்க் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள்.