தேனில் மருந்து எச்சம்: ‘இல்லை’ என்று தவறாக முடிவு வருவது எப்படி?

தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது தேன் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் காட்டும். காந்தப்புலத்தில் வைத்து ஆராயும் என்எம்ஆர் சோதனை சர்க்கரைப் பாகு கலப்படத்துக்கானது. தேனீக்களுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் எச்சமோ கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்கலாம். அதை உறுதிசெய்ய, கலவையைப் பிரித்து மூலக்கூறு நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவி வேண்டும். கருவி இருந்தும் தவறுவது பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையில்தான்.

முதலில் மாதிரி. உறைந்த தேனை மேலாக மட்டும் வழித்தெடுக்காதீர்கள். 40 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் வைத்து இளக்கி, அடிவரை கலக்கிவிட்டு எடுங்கள்.

அதிகம் ஏமாற்றுபவை சல்பா மருந்துகள். சல்பாதயசோல் தேனின் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும். வெறும் நீரில் கரைத்துப் பிரித்தெடுத்தால் பிணைந்த பகுதி கணக்கிலேயே வராது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து அந்தப் பிணைப்பை உடைத்தாக வேண்டும். ஆனால் அதே அமிலம் எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைச் சிதைத்துவிடும். எல்லா மருந்துக்கும் ஒரே பிரித்தெடுப்பு போதும் என்ற சிக்கனம் இங்கே ஆபத்து. மாதிரியைப் பங்கிட்டுத் தனித்தனியாகச் செய்வதே சரி.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும், கண்ணாடியிலும் ஒட்டும். அந்த அயனிகளைத் தானே பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த பஃபரும் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் குழாயும் பயன்படுத்துங்கள்.

தேனீக்களைத் தாக்கும் உண்ணிக்கு வைக்கும் மருந்தான அமிட்ராஸ், தேனின் புளிப்பில் சில நாட்களிலேயே சிதைந்து 2,4-டைமெத்தில்அனிலின் முதலானவையாக மாறும். அமிட்ராஸை மட்டும் தேடினால் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பான கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், சிதைபொருட்களையும் சேர்த்த கூட்டுத்தொகைக்கே.

நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாட்டிக்குக்கான சோதனையில் தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும்: இல்லாததை ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். அந்த வகையைச் சேர்ந்த நைட்ரோபியூரசோன் உடலில் சிதைந்து செமிகார்பசைடு ஆகும். செமிகார்பசைடு தெரிந்ததும் நைட்ரோபியூரசோன் கொடுத்திருக்கிறார்கள் என்று தேனீ வளர்ப்பவரைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. பாட்டில் மூடியின் உள்வளையத்தில் நுரைப்பதற்காகச் சேர்க்கப்படும் அசோடைகார்பனமைடு என்ற வேதிப்பொருளிலிருந்தும் அது வரலாம். மூடி படாத டிரம் மாதிரியையும் சோதியுங்கள்.

குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை அளக்க, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தை ஒப்பீட்டுக்குச் சேர்ப்பவர்கள், பிரித்தெடுத்த பிறகு சேர்த்தால் வழியில் போன இழப்பு தெரியாது. எடை போட்ட கையோடு சேர்த்துவிட வேண்டும்.

அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால், எந்த அளவு வரை அளக்க முடிந்தது என்று கேளுங்கள். குளோராம்பெனிகாலுக்கு ஐரோப்பா 2022 நவம்பர் முதல் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராமில் நடவடிக்கை எடுக்கிறது. 0.3 வரை மட்டுமே அளக்கும் ஆய்வகத்தின் சான்றிதழை நம்பி அங்கே டிரம் அனுப்ப முடியாது.