எந்தக் கீபோர்டின் வயலின் நிஜம்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு கீபோர்டைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எதில் வயலின், ஃப்ளூட், பியானோ எல்லாம் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பத்தே நிமிடத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகள் அத்தனையும் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தன. எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இந்தத் தவறால் ஒரு நல்ல கருவியை விற்றிருக்கிறேன்.

அன்று என் பழைய கீபோர்டையும் புதிதாக வந்த ஒன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்டேன். இரண்டிலும் வால்யூம் பாதியில். புதியதின் ஸ்ட்ரிங்ஸில் உயிர் இருப்பதாகத் தோன்றியது. பழையது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். சில மாதம் கழித்து, பழையதில் வாசித்த ஒரு பதிவு கையில் கிடைத்தது. அதே பகுதியைப் புதியதிலும் பதிந்து, இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கிக் கேட்டேன். பழையதில் வில் தந்தியைத் தொடும்போது வரும் அந்த மெல்லிய உரசல் இருந்தது. அப்புறம்தான் ஸ்வரம் விரிந்தது. புதியதிலோ எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் ஒரே மாதிரி வழவழப்பாக வீங்கி வந்தது. அன்று எனக்கு உயிராகப் பட்டது கூடுதல் சத்தம் மட்டும்தான்.

1 டெசிபெல் அளவு வித்தியாசம் இருந்தாலே காது ஏமாறும். ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். சத்தம் குறைந்தால் ஆழ்ந்த ஒலிகளும் உச்ச ஒலிகளும் நம் காதுக்கு மேலும் மங்கிப் போகின்றன. 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைவுகள் காட்டியது இதைத்தான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் அடியும் உச்சியும் எழுந்து வந்து, மட்டமான மாதிரியும் (நிஜக் கருவியை வாசித்துப் பதிந்து கீபோர்டில் வைத்திருக்கும் ஒலி, அதாவது சாம்பிள்) செழிப்பாகக் கேட்கும்.

வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைப்பதால் பயன் இல்லை. ஒவ்வொரு கீபோர்டும் வெளியே அனுப்பும் அளவு வேறு. ஒரே கீபோர்டுக்குள்ளேயே டோனுக்கு டோன் அளவு மாறும். அதனால் பியானோவுக்கு ஒருமுறை, ஸ்ட்ரிங்ஸுக்கு ஒருமுறை, ஃப்ளூட்டுக்கு ஒருமுறை என்று தனித்தனியாகத்தான் சமன் செய்ய வேண்டும். ஒரே பகுதியை இரண்டிலும் கணினியில் பதிந்து, எல்.யூ.எஃப்.எஸ். அளவு (காதுக்குச் சராசரியாக எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் கணக்கு) ஒன்றாக வரும்படி சரிசெய்யுங்கள். பீக், அதாவது ஒலி எட்டும் உச்ச அளவைப் பார்த்துச் செய்யாதீர்கள்: பியானோவின் சுத்தியல் தட்டு ஒரு கணம் உச்சத்துக்குப் போய்வரும், ஆனால் காது முழுச் சத்தத்தையும் அதை வைத்து எடைபோடுவதில்லை. சமன் செய்தபின், எது எது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றிப் போடட்டும். மாற்றுவதும் சட்டென்று நடக்க வேண்டும். ஒலியின் நுணுக்கம் நினைவில் அதிக நேரம் நிற்காது.

ரிவர்ப்போடு கேட்பது

ரிவர்ப் (கூடத்தில் ஒலிப்பதுபோன்ற எதிரொலி), கோரஸ், டிலே என்று ஒலியின் மேல் பூசும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஸ்வரத்தைப் பத்து விநாடி பிடித்துக்கொண்டே இருங்கள். ஸ்வரம் நீள்வதற்காக மாதிரியின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள்; அந்த லூப் திரும்பும் இடம் ஒரு சின்ன அலையாகக் கேட்கும். அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்வரத்தின் முதல் கணத்தையும் கூர்ந்து கேளுங்கள். இது எந்தக் கருவி என்று காது பெரும்பாலும் அங்கேதான் முடிவு செய்கிறது. நினைவகம் விலை அதிகமாக இருந்த 1987-இல் ரோலண்ட் டி-50 இதைப் பயன்படுத்திக்கொண்டது: தொடக்கத்துக்கு மட்டும் நிஜக் கருவியின் பதிவு, அப்புறம் நீளும் பகுதிக்குச் செயற்கை ஒலி.

டெமோ பாட்டு

கீபோர்டிலேயே வரும் டெமோ பாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கருவியின் பலவீனங்கள் வெளியே தெரியாதபடி எழுதப்பட்டது அது.

எல்லாவற்றையும் பியானோ போல வாசிப்பது

ஃப்ளூட் டோனில் ஐந்து விரலால் கார்டு அழுத்திவிட்டு ‘ஆர்கன் மாதிரி இருக்கிறது’ என்றான் ஒரு மாணவன். ஃப்ளூட் வாசிப்பவருக்கு ஒரு வாய்தான், நடுவில் மூச்சும் எடுக்க வேண்டும். நிஜக் கருவி எப்படிப் பாடுமோ அப்படி ஒற்றை வரியாக வாசியுங்கள். நிஜ வயலினின் கடைசித் தந்தி நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. அதற்கும் கீழே வாசித்துவிட்டு நிஜமா என்று கேட்பதில் பொருள் இல்லை.

ஒரே ஸ்வரத்தை ஒரே வேகத்தில் எட்டு முறை தட்டிப் பாருங்கள். எட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். நல்ல கருவி ஒரே ஸ்வரத்துக்குப் பல மாதிரிகளை வைத்துச் சுழற்றிக் கொடுக்கும். மெதுவிலிருந்து பலமாக ஏற்றிக்கொண்டும் போங்கள். மிடியில் (இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் முறை) தொடு வேகத்துக்கு 127 படிகள் உண்டு, ஆனால் மெதுவாக, பலமாக என்று தனித்தனியே பதிந்த அடுக்குகள் மிகச் சிலவே. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம் காதில் இடறுகிறதா என்று பாருங்கள். கட்டைகளின் கனம் தீர்ப்பில் கலந்துவிடாமல் இருக்க, ஒரே கீபோர்டிலிருந்து மிடி வழியாக இரண்டையும் இயக்குங்கள்.

டோன் எண்ணிக்கை

டோன் எத்தனை என்று எண்ணி ஒப்பிடாதீர்கள். ஒரே பியானோ பதிவை இருபது பெயரில் வைத்திருப்பார்கள்.

ஒற்றை ஸ்பீக்கரில் பியானோ கேட்பது

ஸ்டீரியோவில் பதிந்த பியானோவை மோனோவாகச் சேர்த்தால் சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நல்ல பியானோவும் டப்பாவுக்குள் இருப்பதுபோல ஒலிக்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். நீங்கள் மேடையில் மோனோவில் வாசிப்பவர் என்றால் மோனோவிலும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

அந்த இரண்டு மாணவர்களுக்கும் சத்தத்தைச் சமன் செய்து, ரிவர்ப்பை அணைத்து மறுபடி வாசிக்கவைத்தேன். வயலினில் இருவரும் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். ஃப்ளூட்டில் இன்னும் ஒத்துப்போகவில்லை; நாளைக்கு மறுபடி வருகிறார்கள்.