மும்பையில் மணமக்களுக்கு நெருக்கமான இடங்களில் திருமணப் படம் எடுப்பது எப்படி?

மும்பைத் தமிழ்த் திருமணங்களைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மணமக்களிடம் சரியான கேள்வியைக் கேட்பதுதான். "பிடித்த இடம் எது?" என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் கடலோரச் சாலையான மரீன் டிரைவ் என்பார்கள். "நீங்கள் ஒருவருக்காக ஒருவர் எங்கே காத்திருப்பீர்கள்?" என்று கேட்டால், தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்கா பகுதியின் ரயில் நிலையப் படிக்கட்டு, ரூயா கல்லூரி வாசல், ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு குறிப்பிட்ட பெஞ்சு என்று விடை மாறும். அங்கே அவர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ, அதையே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது நாள் குறிப்பது. காப்புக் கட்டிய பிறகு மணமக்கள் எல்லை தாண்டக் கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை முன்பே கேட்டறிந்து, வெளிப்புறப் படங்களை அதற்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. முகூர்த்த நாளன்றே எடுக்க வேண்டுமென்றால், மாட்டுங்கா மண்டபத்திலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஃபைவ் கார்டன்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தை மாதத்தில் சூரியன் மாலை ஆறரையை ஒட்டி மறைகிறது. ஏழு மணி வரவேற்பை வைத்துக்கொண்டு மரீன் டிரைவ் போய்த் திரும்புவது, இந்த நகரத்தின் நெரிசலில் நடக்காத காரியம்.

மூன்றாவதாக, எடுக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை அந்த இடத்திற்குத் தனியாகச் சென்று வெளிச்சத்தைப் பாருங்கள். மரீன் டிரைவ் மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் எழுவதால் நடைபாதை சிறிது நேரம் நிழலில் இருக்கும். முகத்தில் கடுமையான நிழல் விழாத அந்த வேளைதான் என் தேர்வு. 2018-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஆர்ட் டெகோ என்னும் பழைய பாணிக் கட்டடங்களின் வளைந்த பால்கனிகளும், கூட்டமில்லாத அப்போதுதான் பின்னணியில் தெளிவாகக் கிடைக்கும். ரயில் நிலையம் என்றால், தொழில்முறைப் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் முன் அனுமதி பெற வேண்டும்.

இனி மண்டபம். பெற்றோர் மணம் முடித்த அதே மண்டபத்தில் மகளின் திருமணமும் நடப்பது மாட்டுங்காவில் அரிதன்று. அவர்களுடைய பழைய ஆல்பத்தை வாங்கிப் பார்த்து, அதே தூண், அதே வாசல் அருகே இரு தலைமுறையையும் நிறுத்துங்கள். மேடை விளக்குகளில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் திறந்து மூடும் வேகம் அதைவிட மிகக் கூடினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். 1/100 நொடியில் தொடங்குங்கள். லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப் 2.8, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. ஹோமப் புகைக்கு எதிரே நேராக ஃப்ளாஷ் அடித்தால் புகையே வெள்ளைத் திரையாக நின்றுவிடும் என்பதால், சற்றுப் பக்கவாட்டில் நின்று இருக்கும் ஒளியிலேயே எடுங்கள்.

தாலி கட்டும் நொடிக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். கெட்டிமேளம் ஒலித்ததும் உறவினர்கள் எழுந்து சூழ்ந்துகொள்வார்கள். மணமகனின் உயர்ந்த கைகள் பெண்ணின் முகத்தை மறைக்கும். மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் பின்னால் வந்து நிற்பார். ஆகவே முன்கூட்டியே சாஸ்திரிகளிடம் கேட்டு, நாத்தனார் வரும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கம் ஏறி நிற்க ஒரு சிறிய முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். அட்சதை குறுக்கே பறக்கும்போது கேமராவின் தானியங்கி ஃபோகஸ் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து மணமகளின் கண்ணில் வைத்து, தொடர்ந்து பல படங்களாக எடுங்கள். 1/100-இல் அட்சதை கோடுகளாக நீளும். அது குறையல்ல, மேடையின் பரபரப்பு அதில்தான் தெரிகிறது.

வீடு திரும்பியதும் படங்களை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.