ஏ.ஆர்-15க்கு முதல் சைட்: தேர்ந்தெடுப்பதிலிருந்து ஜீரோ வரை

புதிதாக ஏ.ஆர்-15 ரைபிள் வாங்கியவர்கள் சைட், அதாவது குறி பார்க்கும் கருவி விஷயத்தில் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, 24 மடங்கு பெரிதாக்கும் பெரிய ஸ்கோப்பை வாங்கி மாட்டி, 50 கெஜத்தில் உள்ள காகிதத்தைத் தேடிக்கொண்டிருப்பது. இன்னொன்று, நல்ல சைட் வாங்கிவிட்டு அதை இருபது டாலர் மவுண்டில் (சைட்டைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிமானம்) உட்கார வைப்பது. இரண்டாவதுதான் அதிகம் படுத்தும். குறி ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று தெரியாமல் தோட்டாவாகக் கரையும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் ரேஞ்சிலும் (சுட்டுப் பழகும் இடம்) வேட்டையிலும் பயன்படும், 5.56 அல்லது 223 தோட்டா சுடும், மேற்புறம் தட்டையான ஏ.ஆர்-15ஐ மனதில் வைத்து. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எச்-1பி மாதிரியான விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூட்டாட்சிச் சட்டப்படி, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுட்டாலும் இதே பேச்சுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 1: தூரத்தை எழுதி வையுங்கள்

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன், அடுத்த ஒரு வருஷத்தில் உண்மையில் எவ்வளவு தூரத்துக்குச் சுடப்போகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். பொது ரேஞ்சுகளில் பெரும்பாலும் 25, 50, 100 கெஜம்தான். 300 கெஜம் கிடைக்கிற இடம் பக்கத்தில் இல்லையென்றால் அதற்காகக் காசு செலவழிப்பதில் அர்த்தமில்லை.

100 கெஜத்துக்குள் என்றால் பெரிதாக்காத ரெட் டாட் போதும். 100 முதல் 300 என்றால், அல்லது டெக்ஸஸ் பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதாக இருந்தால், 1 முதல் 6 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப். காகிதத்தில் ஓட்டைகள் நெருங்கி, சின்னக் குழுவாக விழும்படி சுட்டுப் பார்ப்பது மட்டுமே ஆசை என்றால் 3–9 மடங்கு ஸ்கோப்பும் நன்றாக வேலை செய்யும். யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள், பழைய பாணி என்பார்கள். கண்டுகொள்ள வேண்டாம்.

படி 2: உங்கள் கண்ணைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ரெட் டாட் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி, பூச்சுள்ள கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருவது. கண்ணில் ஆஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவுக் குறை) இருந்தால் அந்தப் புள்ளி புள்ளியாகத் தெரியாது. கமா மாதிரி வால் முளைக்கும், திராட்சைக் கொத்து மாதிரி சிதறும், நட்சத்திரமாக வெடிக்கும். பலரும் சைட் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். சைட்டைக் கையில் பிடித்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டே கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுழற்றுங்கள். வால் சைட்டோடு சேர்ந்து சுழன்றால் கோளாறு சைட்டில். சைட் சுழன்றும் வால் அதே திசையில் நின்றால் கோளாறு உங்கள் கண்ணில். இன்னொரு வழி, கைபேசி கேமராவைச் சைட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுப்பது. படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் சைட் சுத்தம்.

கண்தான் காரணம் என்றால் முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அளவுக்கு மீறிய வெளிச்சம்தான் தொல்லை. அப்படியும் சிதறினால் பிரிசம் சைட்டுக்குப் போங்கள். அதில் குறிக்கோடு கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும், பின்பக்க வளையத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி தெளிவாக்கிக்கொள்ளலாம். பேட்டரி செத்தாலும் கறுப்புக் கோடு தெரியும்.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள்

ரெட் டாட்: ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975இல் தொடங்கி வைத்தது. இலேசானது. மைக்ரோ வகை மவுண்ட் இல்லாமல் நூறு கிராம்கூட வராது. தலையை எங்கே வைத்தாலும் புள்ளி தெரிந்தால் சுடலாம், இரண்டு கண்ணையும் திறந்து வைக்கலாம். ஒரு சி.ஆர்.2032 பேட்டரியில் 50,000 மணி நேரம் ஓடும் என்று எய்ம்பாயிண்ட் தன் டி-2 சைட்டுக்குச் சொல்கிறது. அதாவது அணைக்காமலே ஐந்து வருஷத்துக்கு மேல். முதல் சைட் இதுவாக இருக்கட்டும் என்பதே எங்கள் கட்சி.

ஹாலோகிராபிக்: ஈ.ஓ.டெக் செய்வது. 68 எம்.ஓ.ஏ. (கோண அளவு, கணக்கு படி 4இல்) வளையமும் நடுவில் 1 எம்.ஓ.ஏ. புள்ளியும். கிட்டத்தில் வளையத்துக்குள் இலக்கு வந்தாலே போதும் என்பதால் வேகம் கிடைக்கும். ஆனால் லேசர் ஓடுவதால் பேட்டரி சுமார் ஆயிரம் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பழைய, இரண்டாம் கை ஈ.ஓ.டெக் மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் குறி நகர்ந்த விவகாரத்தில் அந்த நிறுவனத்தின் அப்போதைய உரிமையாளர் எல்-3, 2015இல் அமெரிக்க அரசுக்கு 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்டித் தீர்த்தது.

பிரிசம்: ட்ரிஜிகானின் ஏகாக்தான் இதில் பேர் பெற்றது. 4 மடங்கு, அடித்தாலும் உடையாது. ஆனால் டி.ஏ.31 மாடலில் கண் கண்ணாடியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் இருந்தாக வேண்டும். மூக்கு நுனி துப்பாக்கியின் பின்பக்க இழுபிடியான சார்ஜிங் ஹாண்டிலைத் தொடும். உள்ளே ஒளி தரும் டிரிடியம் என்ற கதிரியக்க வாயுவின் அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம், ஆகவே பழையதை வாங்கினால் ராத்திரி வெளிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மாற்றக்கூடிய ஸ்கோப், 1–6 அல்லது 1–8: எல்லாத் தூரத்துக்கும் ஆகும், ஆனால் எடை. ஸ்கோப்பும் மவுண்டும் சேர்ந்து 700 கிராமைத் தாண்டிவிடும். மூன்று கிலோ துப்பாக்கியில் அது நன்றாகவே தெரியும். மலிவான 1–6இல் '1' என்பது உண்மையில் 1.1 ஆக இருக்கும், இரண்டு கண்ணையும் திறந்தால் தலை சுற்றும். இன்னொரு கணக்கு: முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 24 மி.மீ. ஸ்கோப் 6 மடங்கில் 4 மி.மீ., 10 மடங்கில் 2.4 மி.மீ. தான். அந்தி நேர வேட்டைக்கு 1–10 வாங்கியவர்கள் கடைசியில் 5 மடங்கிலேயே வைத்துச் சுடுவது இதனால்தான்.

படி 4: எம்.ஓ.ஏ. கணக்கு

1 எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம். ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 50 கெஜத்தில் அரை அங்குலம், 25இல் கால் அங்குலம். 6 எம்.ஓ.ஏ. புள்ளி 100 கெஜத்தில் ஆறு அங்குலத்தை மறைத்துவிடும். ரைபிளுக்கு 2 எம்.ஓ.ஏ. வாங்குங்கள்.

படி 5: உயரமும் மவுண்டும்

ஏ.ஆர்-15இன் அடிக்கட்டை குழலுக்கு நேர்கோட்டில் இருப்பதால் சைட் உயரமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னத்தை நசுக்கிக்கொண்டு பார்க்க நேரிடும். ரயிலின் (துப்பாக்கியின் மேலே சைட் மாட்டும் பள்ளமுள்ள பட்டை) மேல்பரப்பிலிருந்து சைட்டின் நடுப்பகுதி வரை சுமார் 1.4 அங்குலம் இருந்தால், இரும்பு சைட்டும் (கண்ணாடி இல்லாத சாதாரணக் குறி) புள்ளியும் ஒரே கோட்டில் வரும். 1.6 அங்குலம் வாக்கில் இருந்தால் இரும்பு சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒதுங்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு இந்த இரண்டாவதே வசதி. பார்வை மறையாது. வேட்டை ரைபிளுக்கான தாழ்ந்த வளையங்களை இதில் மாட்டாதீர்கள்.

ஸ்கோப் என்றால் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத் துண்டு கான்டிலீவர் மவுண்ட் வேண்டும். தனித்தனி வளையம் வாங்கினால், கண்ணுக்குத் தேவையான இடைவெளிக்காக முன் வளையம், கை பிடிக்கும் முன்பகுதியான ஹாண்ட்கார்டின் ரயிலில் போய் உட்காரும். அங்கே உட்காரக் கூடாது. ஹாண்ட்கார்டு சூட்டிலும் கையின் அழுத்தத்திலும் அசையும், அதோடு குறியும் அசையும். சைட் முழுக்க ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) ரயிலில் மட்டுமே நிற்க வேண்டும்.

படி 6: மாட்டுவது

மாகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்துப் பூட்டி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

வேண்டிய சாமான்: முறுக்கும் விசையை அங்குல-பவுண்டில் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர், சைட்டோடு வந்த டார்க்ஸ் பிட், ஸ்பிரிட், பழைய துணி, பெயின்ட் பேனா. திருகிலும் ரயிலிலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

மவுண்டின் குறுக்குத் தண்டை ரயில் பள்ளத்தில் வைத்து, இறுக்குவதற்கு முன் குழல் பக்கமாக முன்னால் தள்ளுங்கள். பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம், தண்டு அதைவிடக் கொஞ்சம் மெலிது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், சைட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நீங்கள் முன்னால் தள்ளி வைக்காவிட்டால் அந்த மயிரிழை இடைவெளியைத் தோட்டாக்கள் தள்ளிக்கொடுக்கும், உங்கள் ஜீரோ (குறி காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி சைட்டைச் சரிசெய்தது) போய்விடும்.

ஸ்கோப் வளையத்துத் திருகுகளை 15–18 அங்குல-பவுண்டுக்கு மேல் முறுக்காதீர்கள். குறுக்காக மாற்றி மாற்றி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி. அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி மடங்கு வளையம் கெட்டியாகிவிடும். அடித் திருகுக்கு மவுண்ட் செய்தவர் கொடுத்த அளவையே பாருங்கள், சிலவற்றுக்கு 65 வரை வரும். முடிந்ததும் திருகுத் தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு தளர்ந்தால் கோடு உடைந்திருப்பது பார்த்தவுடன் தெரியும்.

வளையத்தைக் கடைசியாக இறுக்கும் முன், அதிகபட்ச மடங்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறவுங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் தெரிந்தால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். குறிக்கோடு சாயாமல் இருக்க, தூரத்தில் கல் கட்டித் தொங்கவிட்ட கயிற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: ஜீரோ

ரேஞ்சில் முதல் தோட்டாவுக்கு முன்பே பாதி வேலையை முடிக்கலாம். மேல் ரிசீவரைக் கழற்றி, போல்ட் கேரியரை வெளியே எடுத்து, மணல் பையில் அசையாமல் வையுங்கள். பின்னாலிருந்து குழல் வழியாகப் பார்த்து 25 கெஜத்தில் உள்ள கறுப்பு வட்டத்தைக் குழலின் நடுவில் கொண்டு வாருங்கள். இப்போது ரிசீவரை அசைக்காமல், புள்ளியும் அதே வட்டத்துக்கு வரும்வரை திருகுங்கள்.

பிறகு துப்பாக்கியை மறுபடி சேர்த்துப் பூட்டி, 25 கெஜத்தில் மூன்று தோட்டா. 50 கெஜ ஜீரோ வேண்டுமானால் இங்கே தோட்டா சுமார் 1.2 அங்குலம் கீழே விழ வேண்டும், நடுவில் அல்ல. சைட் குழலுக்கு மேலே இரண்டரை அங்குலத்துக்கு மேல் இருப்பதால் தோட்டா இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு 50க்குப் போய் ஐந்து தோட்டா. குழுவின் நடுவைப் பாருங்கள், ஒற்றை ஓட்டையைத் துரத்தாதீர்கள்.

குழு 2 அங்குலம் கீழே, 1 அங்குலம் இடது என்றால்: 50 கெஜத்தில் அதைச் சரிசெய்ய 4 எம்.ஓ.ஏ. மேலே, 2 வலது. சைட்டின் திருகில் ஒரு கிளிக் அரை எம்.ஓ.ஏ. என்றால் மேலே 8, வலது 4. மலிவு சைட்டுகளில் கிளிக் சொன்னவுடன் நகராது, அடுத்த உதையில்தான் நகரும். திருகியபின் ஒரு தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள்.

50இல் ஜீரோ செய்த துப்பாக்கி, வழக்கமான 55 கிரெயின் எடைத் தோட்டாவில், 100இல் ஒன்றரை அங்குலம் மேலே போய் 200 வாக்கில் மறுபடி கோட்டுக்கு வரும். கிட்டத்தில்தான் ஏமாறுவார்கள்: 7 கெஜத்தில் தோட்டா புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்கும் அதிகமாகக் கீழே விழும். அது கோளாறு இல்லை.

குறி அலைந்தால்

முதலில் பெயின்ட் கோடு. அடுத்து, தோட்டாவின் பெட்டியை மாற்றினீர்களா என்று பாருங்கள், வேறு எடைத் தோட்டா வேறு இடத்தில்தான் விழும். பிறகு உங்கள் தலை: ரெட் டாட்டுக்குப் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது) இல்லை என்று விளம்பரம் சொன்னாலும், கிட்டத்தில் புள்ளி கண்ணாடி ஓரத்தில் இருக்கும்போது சுட்டால் தோட்டா விலகும். இந்த மூன்றும் சரியென்றால் மட்டுமே சைட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

ஊருக்குப் போகும்போது ஸ்கோப்பைத் தம்பிக்கோ மச்சானுக்கோ பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ரைபிள் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள். அனுமதி விசாரிக்காமல் விமானத்தில் ஏற்றாதீர்கள்.