அப்பாவுக்கு ஒரு போர் வரலாற்றுப் புத்தகம் வாங்கும் முன்

"அப்பாவுக்கு இரண்டாம் உலகப் போர் பிடிக்கும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு புத்தகம் வாங்கப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். முழுப் போரையும் சொல்லும் 900 பக்கப் புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டு 40ஆம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. அப்பா குறையொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் அவர் பேச்சைக் கவனித்தேன். போர்ப் படம் ஓடும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "இத்தனை வண்டிக்கும் யாரு எண்ணெய் கொண்டாந்து ஊத்துறாங்க?" முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அடுத்த தடவை, 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளுக்குச் சரக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று விரிவாகச் சொல்லும் புத்தகமாகத் தேடினேன். ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க லாரி அணி அந்த ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை ராப்பகலாக ஓடியது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினச் சிப்பாய்கள். அவர்களைப் பற்றிய அத்தியாயத்தை அப்பா இரண்டு முறை படித்தார். ஆகவே எந்தப் போர் என்று யோசிக்கும் முன், அவர் வாயிலிருந்து வரும் கேள்வி எது என்று ஒரு வாரம் காது கொடுங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னாலுள்ள சொல்லடைவை (இண்டெக்ஸ்) திருப்புங்கள். தளபதிகளின் பெயர்களே நிரம்பியிருந்தால் அது மேல்மட்ட முடிவுகளின் கதை. எரிபொருள், கடிதங்கள், காயம்பட்டோர் என்றெல்லாம் இருந்தால் சிப்பாய் வரை இறங்கி எழுதியிருக்கிறார்கள். 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த ஜெர்மன் படையோடு 6 லட்சம் குதிரைகளாவது போயின. அந்தப் போர்முனை பற்றிய புத்தகத்தின் சொல்லடைவில் குதிரையே இல்லையென்றால் நான் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்து வரைபடம். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் வரும் மூன்று இடங்களைப் படத்தில் தேடுங்கள். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டை பற்றிய புத்தகத்தில், கடும் சண்டை நடந்த ஊகுமோன் பண்ணை வீடு படத்தில் இல்லாவிட்டால், 1815 ஜூன் 18 அன்று யார் எங்கே நின்றார்கள் என்பதே படிப்பவருக்குப் பிடிபடாது.

போர் நூல் என்றாலே அப்பாவுக்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். செவிலியாக இருந்த என் அம்மாவுக்கு போர் வரலாற்றாசிரியர் ஜான் கீகனின் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' கொடுத்தேன். 1415, 1815, 1916 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று சண்டைகளை எடுத்துக்கொண்டு, அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் அவர் கேட்கிறார். அம்மா நேராக அந்தப் பகுதிகளுக்குத்தான் போனார்.

அப்பாவோ அம்மாவோ தாமே போரைப் பார்த்தவர் என்றால் முன்கூட்டியே சொல்லாமல் திடீரென்று கொடுக்க வேண்டாம். எந்தப் போரைப் படிக்க மனசு வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

எழுத்தின் அளவும் எடையும் பார்க்க வேண்டும். படுத்துக்கொண்டு படிப்பவருக்குக் கெட்டி அட்டை கை வலி. மெல்லிய அட்டைப் பதிப்பு போதும். சரி, வாங்கியாயிற்று என்றால் முதல் பக்கத்தில் உடனே எழுதிவிடாதீர்கள். அதே புத்தகம் அவர் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.