ஏஐ கருவியில் அன்டூ வைப்பது எப்படி?

பத்தியைக் கொடுத்தால் ஏஐ திருத்தித் தரும் சின்னக் கருவி ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'எளிமையாக்கு' பொத்தானை அழுத்தியதும் பத்தி மாறுகிறது. பயனருக்குப் பிடிக்கவில்லை, அன்டூ செய்ய, அதாவது செய்ததை ரத்து செய்ய, கன்ட்ரோல் இசட் அழுத்துகிறார். பழைய பத்தி ஒழுங்காகத் திரும்பி வராது. பெட்டியில் உள்ள உரையை ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாக மாற்றினால், பிரௌசர் அதைத் தன் அன்டூ கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

படி 1: மாடலை, அதாவது பதில் எழுதித் தரும் ஏஐயை, அழைப்பதற்கு முன்பே பெட்டியில் இருப்பதைச் சேமியுங்கள். பயனர் கையால் செய்த திருத்தங்களும் அதில் வந்துவிடும்.

படி 2: பதில் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் தனி மாற்றமாகச் சேமிக்காதீர்கள். என் முதல் கருவியில் இந்தத் தவறு இருந்தது. ஒரே ஒரு பத்தியை மீட்க என் தோழி அன்டூவை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. ஒரு கட்டளைக்கு ஒரு அன்டூதான். பதில் முடிந்ததும் மொத்தமாக ஒரு பதிப்பு.

படி 3: இதுதான் முக்கியம். ஒவ்வொரு பதிப்பிலும் எண், முழு உரை, கொடுத்த கட்டளை, எந்தப் பதிப்பிலிருந்து பிறந்தது என்ற தாய் எண், நான்கும் இருக்கட்டும். அசல் 1. 'எளிமையாக்கு' தந்தது 2. அன்டூ செய்தால் தாய் எண்ணான 1-க்குப் போகிறோம். அப்புறம் 'சுருக்கு' என்றால் 3 பிறக்கிறது. அதற்கும் தாய் 1தான். சாதாரண எடிட்டர் இந்த இடத்தில் 2-ஐத் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் எறியாதீர்கள். அதே கட்டளையை மறுபடி கொடுத்தாலும் மாடல் அதே சொற்களைத் தரும் என்று சொல்ல முடியாது. ரீடூவுக்கும் (அன்டூ செய்ததை மறுபடி கொண்டுவருவது) இதே கதைதான்: சேமித்த உரையைக் காட்டுங்கள், மாடலை மறுபடி அழைக்காதீர்கள்.

படி 4: மெயில் அனுப்புவது போன்ற வேலைகளுக்கு அன்டூ கிடையாது, தாமதம்தான் உண்டு. ஜிமெயில் 5 முதல் 30 விநாடி வரை காத்திருந்துதான் அனுப்புகிறது. அதையே செய்யுங்கள். கருவி புரோகிராம் கோடைத் திருத்துகிறதா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கிட் கமிட் (கோடின் அந்த நிலையைச் சேமிக்கும் பதிவு) போடுங்கள். எய்டர் என்ற ஏஐ கோடிங் கருவி அப்படித்தான் செய்கிறது.

சரி, இப்போது சோதனை. பதில் பாதி வந்துகொண்டிருக்கும்போது வைஃபையை அணையுங்கள். அன்டூவை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அசல் பத்தி எழுத்து மாறாமல் வந்து நிற்க வேண்டும்.