சிஸ்டம் அப்டேட்: உடனே போட வேண்டியதும் ஆறப்போட வேண்டியதும்

'புதிய அப்டேட் தயார்' என்று திரையில் வந்தால் முதலில் அதன் அளவைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் பெரும்பாலும் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட். 2 ஜிபியைத் தாண்டினால் ஆண்ட்ராய்டின் பதிப்பே மாறப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கீழே உள்ள விவரத்தில் 14, 15 என்று எண்ணும் போட்டிருக்கும். பாதுகாப்பு அப்டேட்டுக்கு யோசனையே வேண்டாம், அன்றிரவே போட்டுவிடலாம். பதிப்பு மாறுவதற்குத்தான் யோசிக்க வேண்டும். போட்டபிறகு 'பழையதே நன்றாக இருந்தது' என்று திரும்ப முடியாது.

அதாவது, முடியும், ஆனால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாத வேலை. போன் ஆனாகும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் போனில் உள்ளது எல்லாம் அழியும். பல போன்கள் பழைய பதிப்பை ஏற்றவே விடாது. ஏற்றினாலும் பூட்லோடர் திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் ஓடாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ 'சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது வாங்கி வைத்தால், படங்கள் போகுமா என்று முதலில் கேளுங்கள். ஐபோனில் வழி இன்னும் குறுகல்: புதியது வந்த சில வாரங்களில் பழைய பதிப்புக்கான ஒப்புதலை ஆப்பிள் நிறுத்திவிடும்.

செட்டிங்ஸில் 'அபவுட் போன்', அதற்குள் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' போய்ப் பாருங்கள். பதிப்பு எண்ணும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியும் இருக்கும். ஆண்ட்ராய்டு 13 வந்தது 2022-இல், 14 2023-இல், 15 2024-இல், 16 2025 ஜூனில். 12-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை கூகுள் 2025-இல் நிறுத்திவிட்டது. ஆகவே 12-இல் நிற்கிற போனுக்கு 13 வந்தால், போன் கொஞ்சம் மந்தமானாலும் பரவாயில்லை என்று போட்டுவிடுவதே நல்லது, அதுவும் அதில் பணப் பரிமாற்றம் நடக்கிறது என்றால். 14-இல் நன்றாக ஓடிக்கொண்டு பாதுகாப்பு அப்டேட்டும் ஒழுங்காக வருகிற போனுக்கு அந்த அவசரம் இல்லை.

அடுத்தது ரேமும் (செயலிகள் ஓடும்போது பயன்படும் நினைவகம்) இடமும். 4 ஜிபி ரேம் போனில் இரண்டாவது பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு வாட்ஸ்அப்பிலிருந்து கேமராவுக்குப் போய்த் திரும்புவதற்குள் வாட்ஸ்அப் முதலிலிருந்து திறக்கும். 6 ஜிபிக்கு மேல் இந்தத் தொல்லை குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் '4+4 ஜிபி'யில் பின்னாலுள்ள 4, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 64 ஜிபி போனில் 10 ஜிபியாவது காலியாக இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். சேமிப்பு நிரம்பி வழிகிற போனில் எழுதும் வேகம் குறையும், பழி அப்டேட்டின் மேல் விழும். 'குட் மார்னிங்' படங்களை அழித்தாலே பல வீடுகளில் 5 ஜிபி கிடைத்துவிடும்.

போடலாம் என்று முடிவு செய்தாலும் மூன்று நாலு வாரம் பொறுங்கள். நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்புகின்றன. முதலில் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளுக்கு அடுத்த சிறிய அப்டேட்டில் திருத்தம் வரும். இடையில் போன் தானாகப் போட்டுக்கொள்ளாமல் இருக்க, 'பில்டு நம்பரை' ஏழுமுறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை அணைத்து வையுங்கள்.

தூத்தூர், குளச்சல், முட்டம் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்கள் படகு புறப்படும் வாரத்தில் தொடவே கூடாது. அப்டேட்டுக்குப் பின் இருப்பிட அனுமதி மாறியிருக்கலாம். பேட்டரி சேமிப்பு முறை ஜிபிஎஸ் செயலியைப் பின்னணியில் கொன்றிருக்கலாம். இது கரையில் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை, நடுக்கடலில் தெரிந்தால் சிக்னலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கரை வந்த மறுநாள் போட்டால் சரிபார்க்க நாள் கிடைக்கும்.

போடும் முன் வாட்ஸ்அப்பில் 'சாட் பேக்கப்' திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள். அந்தப் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்கிறது. அது நிரம்பினால் பேக்கப் நின்றுபோகும், பலர் கவனிப்பதில்லை. படங்களை ஓடிஜி பென்டிரைவில் (போனில் நேரடியாகச் செருகும் பென்டிரைவ்) ஒரு நகல் எடுங்கள். வங்கிக் கணக்கில் பதிந்த சிம்மில் எஸ்எம்எஸ் வெளியே போகிறதா என்று ஒன்று அனுப்பிப் பாருங்கள். சாதாரணமாக அப்டேட்டில் யூபிஐ அழியாது. ஆனால் ரீசெட் செய்ய நேர்ந்தால் அந்தச் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் கணக்கு மறுபடி சேரும். மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தை நம்பியிருக்கிற அம்மாவின் போனில், ரீசார்ஜ் முடிந்த சிம் இந்த இடத்தில்தான் காலை வாரும்.

சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல், வீட்டு வைஃபை, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? இப்போதைய பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் நீங்கள் இருக்க, மற்றதில் புதியது ஏறும். ஏறாவிட்டால் போன் பழைய அறைக்கே திரும்பும். பழைய வகையில் திரை கருத்து சதவீதம் ஓடும். அது 30-இல் பத்து நிமிடம் நின்றாலும் பவர் பொத்தானை அழுத்தாதீர்கள்.

முடிந்ததும் இரண்டு சிம்மிலும் ஒரு அழைப்பு, கைரேகை, தமிழ் விசைப்பலகை, ஒரு ரூபாய் யூபிஐ. முதல் இரண்டு நாள் போன் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். செயலிகளை அது புதிதாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறது. நாலாவது நாளும் அப்படியே என்றால் பேட்டரி பட்டியலில் முதலில் நிற்கும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். அமோலெட் திரையில் பச்சைக்கோடு விழுந்தால் ரீசெட் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது திரையின் பழுது. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. வெளிக்கடையில் பிரிக்கும் முன் பில்லோடு சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்; ஒருமுறை வெளியே பிரித்த போனுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.